கோயில் யானை தலையாட்டுவது ஆனந்தத்திலா? ஆய்வாளர்கள் சொல்லும் பதில்!

2022 நவம்பர் 30. காலை நடைப்பயிற்சிக்குப் போன புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, வழியிலேயே சரிந்து விழுந்து உயிரை விட்டது. சேதி பரவியதும் ஊரே கூடிவிட்டது. மாலை, பூ, கண்ணீர் என்று வீட்டில் ஒருவர் போனதுபோல வழியனுப்பினார்கள் மக்கள். சின்னக் குட்டியாக வந்து, பல வருடங்கள் கோயில் வாசலில் நின்று ஆசீர்வதித்த லட்சுமிக்கு அப்போது வயது 32.

இவ்வளவு பாசம் வைத்த ஊரில், 'கோயிலுக்கு இன்னொரு யானை வராதா?' என்ற ஆசை எழுவது இயல்புதான். ஆனால், அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. கோயில் வாழ்க்கை யானைக்குப் பிடித்திருக்கிறதா? யானையிடமே கேட்க முடியாது. ஆனால், அது எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது, யாரோடு பழகுகிறது என்று உட்கார்ந்து கவனித்தால் பதில் கிடைக்கும். அதைத்தான் சில விஞ்ஞானிகள் செய்திருக்கிறார்கள். அதுவும் நமக்குப் பக்கத்திலேயே!

தலையாட்டல் சொல்லும் சேதி

மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, வனஉயிரின ஆய்வுக்குப் பேர்போனது. அங்கே ஆய்வு செய்த வனிதா வரதராஜன், தமிழ்நாட்டு யானைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டார். கோயில் யானைகள், தனியார் வளர்ப்பு யானைகள், வனத்துறை முகாம் யானைகள். மூன்று இடங்களிலும் யானைகள் என்ன சாப்பிடுகின்றன, யாரோடு இருக்கின்றன, எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

தியாகேசன் கிருஷ்ணமூர்த்தி, பாஸ்கரன் நாகராஜன் ஆகியோருடன் சேர்ந்து 2016-ல் அவர் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டுவது, உடம்பை இப்படியும் அப்படியும் அசைப்பது, காலை மாற்றி மாற்றி வைப்பது... இதையெல்லாம் பார்த்து 'யானை டான்ஸ் ஆடுது பாரு' என்று குழந்தைக்குக் காட்டுவோம். விஞ்ஞானிகள் இதை 'ஸ்டீரியோடைப்பி' என்கிறார்கள். எந்தப் பயனும் இல்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று பொருள். அடைபட்ட, சலிப்பான வாழ்க்கையில் வரும் பழக்கம் இது. காட்டில் சுதந்திரமாகத் திரியும் யானைகளிடம் இதைப் பார்ப்பது அரிது.

வனத்துறை முகாம் யானைகளைவிடக் கோயில் யானைகளிடம் இந்தப் பழக்கம் மிக அதிகம் என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன சேதி. முகாம் யானையும் மனிதரிடம் வளர்வதுதான். ஆனால், அதற்கு மேய்ச்சலுக்குக் காடு உண்டு, குளிக்க ஆறு உண்டு, கூட நிற்க நாலு யானைகள் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலையாட்டும் யானை ஒவ்வொன்றும் அந்த நிமிடம் துன்பப்படுகிறது என்று அர்த்தமில்லை. என்றோ தொற்றிக்கொண்ட பழக்கம், நல்ல இடத்துக்கு மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால், அது ஆனந்தக் கூத்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

புதுச்சேரியைவிடப் பெரிய வீடு

யானைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 1990-களின் தொடக்கத்தில் நீலகிரிப் பகுதி யானைகளுக்கு ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார்கள் பாஸ்கரனும் மற்ற ஆய்வாளர்களும். ஒரு பெண் யானைக் கூட்டம் சுற்றித் திரியும் பரப்பு 500 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. புதுச்சேரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர்தான்!

காட்டு யானை ஒரு நாளின் பெரும்பகுதியைப் புல், மரப்பட்டை, மூங்கில், இலை என்று தேடித் தேடித் தின்பதிலேயே கழிக்கும். தேடுவதும் நடப்பதும்தான் அதன் வேலை, உடற்பயிற்சி, பொழுதுபோக்கு எல்லாமே. கோயிலில் சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும். வயிறு நிறைந்தாலும் மிச்ச நேரம் முழுக்கக் கல் தரையில் நிற்க வேண்டும். மண்ணில் நடக்கவே அமைந்த பாதம், கடினமான, ஈரமான தரையில் நாள் முழுக்க நின்றால் வெடிப்பும் புண்ணும் வரும் என்பது கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான பிரச்னை.

பேச ஆள் இல்லாத தனிமை

இடத்தைவிடப் பெரிய குறை, துணை இல்லாதது. பெண் யானைகள் அம்மா, சித்தி, அக்கா, தங்கை என்று கூட்டுக் குடும்பமாகவே வாழ்நாளைக் கழிப்பவை. வனிதாவும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இதைப் பற்றித்தான். வனத்துறை முகாம்களில் யானைகளுக்குக் கூட்டு வாழ்க்கை ஓரளவு கிடைக்கிறது. கோயில்களில் பெரும்பாலும் ஒற்றை யானைதான்.

யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியிலும் பேசிக்கொள்ளும். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் விலங்குக் காட்சி சாலையில் இதைக் கண்டுபிடித்தவர் கேட்டி பெய்ன். தாய்லாந்தில் ஜோஷுவா பிளாட்னிக் செய்து 2014-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் நெகிழ வைக்கும். ஒரு யானை பயந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் யானை அதனருகே போய்த் தும்பிக்கையால் முகத்தையும் வாயையும் தடவி ஆறுதல் சொல்கிறது!

பட்டாசுச் சத்தத்தில் மிரளும் ஒற்றைக் கோயில் யானைக்கு அந்தத் தும்பிக்கை இல்லை. பாகன் ஒருவர்தான் அதற்கு உலகம்.

சாணம் சொன்ன உண்மை

'இதெல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது' என்று சிலர் சொல்லலாம். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் கோ.உமாபதி குழு, யானைச் சாணத்தைச் சோதித்தது. மன அழுத்தம் கூடினால் உடலில் சுரக்கும் ஹார்மோனின் எச்சம் சாணத்தில் வெளியேறும். ஊசி குத்தாமல், யானையைத் தொடாமலே அளந்துவிடலாம். சமய நிகழ்ச்சிகளிலும் ஊர்வலங்களிலும் பங்கேற்கும் யானைகளிடம் இந்த அளவு கூடியிருப்பதை 2019-ல் வெளிவந்த அவர்களின் ஆய்வு காட்டியது.

இது யானையின் பிரச்னை மட்டுமல்ல. 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவர் உறவினரும் இறந்தார்கள். பிள்ளைபோல வளர்த்தவரே போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு நொடிக்கு என்ன காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், அழுத்தத்தில் இருக்கும் டன் கணக்கு எடையுள்ள விலங்கின் பக்கத்தில், நாள் முழுக்க நிற்பவர் பாகன்தான்.

என்னதான் வழி?

கோயில் யானைகளுக்கு ஓய்வு வேண்டும் என்று அரசுக்கும் தெரிந்தே இருந்தது. 2003-ல் முதுமலையில் தொடங்கிய புத்துணர்வு முகாம், பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நடந்தது. ஷவர் குளியல், நடை, மற்ற யானைகளின் துணை எல்லாம் அங்கே கிடைத்தன. ஆனால், வருடத்தில் சில வாரங்கள்தான். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களும் தனியாரும் இனிமேல் யானைகளை வாங்கக் கூடாது என்று கூறியது. அதே வருடம் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயில், சடங்குகளுக்கு இயந்திர யானையைப் பயன்படுத்தத் தொடங்கியது. தலையாட்டும், தும்பிக்கை தூக்கும், காதசைக்கும். அதற்கு வலிக்காது.

இயந்திரத்திடம் ஆசீர்வாதமா என்று சிலருக்கு மனம் ஒப்பாமல் போகலாம். அது அவரவர் நம்பிக்கை. ஆனால், புதுச்சேரி மறுபடி யானை வேண்டும் என்று கேட்பதாக இருந்தால், கூடவே இதையும் கேட்க வேண்டும்: அதற்குத் துணையாக இன்னொரு யானை உண்டா? நடக்க மண் தரை உண்டா? இதற்கெல்லாம் 'ஆம்' என்று சொல்ல நகரத்து நடுவில் இருக்கும் எந்தக் கோயிலாலும் சுலபத்தில் முடியாது.

அடுத்த முறை கோயில் யானையைப் பார்க்கும்போது...

* இடைவிடாமல் தலையாட்டினால், 'டான்ஸ்' என்று ரீல்ஸ் எடுக்காதீர்கள். குழந்தைக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

* இனிப்பு, பொரி, பிஸ்கட் கொடுக்காதீர்கள். என்ன கொடுக்கலாம் என்று பாகனிடம் கேளுங்கள்.

* பின்னாலிருந்து நெருங்குவது, செல்ஃபிக்காக முகத்தருகே ஃபிளாஷ் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

* காலில் புண், சங்கிலித் தழும்பு தெரிந்தால் கோயில் நிர்வாகத்திடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள்.

* பாகனிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். யானையின் நலம் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.