ஓட்டக் கைக்கடிகாரங்களின் தூர, வேக அளவீடு

ஓட்டக் கைக்கடிகாரம் என்பது ஓடுபவர் கடந்த தூரத்தையும் அவரது வேகத்தையும் கணித்துக் காட்டும், மணிக்கட்டில் அணியும் மின்னணுக் கருவியாகும். கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் வரிசை 2003இல் வெளிவந்தது முதல் இத்தகைய கருவிகள் பரவலாயின. ஓட்டக்காரர்கள் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதைவிட, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்றே பெரும்பாலும் சொல்வர். பேச்சு வழக்கில் இது 'பேஸ்' எனப்படுகிறது.

இக்கருவி நேரத்தை மிகத் துல்லியமாக அளக்கிறது. தூரத்தை அது அவ்வாறு அளப்பதில்லை. சற்றே பிழையுள்ள பல புள்ளிகளை இணைத்துக் கணித்துக் கொள்கிறது. அந்தக் கணிப்பை நேரத்தோடு சேர்த்துப் பெறப்படுவது பேஸ் என்பதால், முன்னதன் பிழை பின்னதிலும் வந்து சேர்கிறது.

தூரம் கணிக்கப்படும் விதம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களிலிருந்து சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. வழக்கமாக நொடிக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. இப்புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுகளின் கூட்டுத்தொகையே திரையில் தோன்றும் தூரம். பல கருவிகள் சமிக்ஞையின் அலைவெண் மாற்றத்திலிருந்து, அதாவது டாப்ளர் விளைவிலிருந்து, வேகத்தைத் தனியே கணித்து இதனுடன் ஒப்பிட்டுக் கொள்கின்றன.

திறந்த வெளியில்கூட ஒரு புள்ளியின் இடம் சில மீட்டர் பிசகக்கூடும். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்று ஓடுபவர் ஒரு நொடியில் கடப்பது சுமார் 3.3 மீட்டர். அதாவது ஒரு நொடியில் கடக்கும் தூரமும் இடப்பிழையும் ஒரே அளவில் உள்ளன. ஆயினும் கணக்கு அடியோடு குலைந்துபோவதில்லை. அடுத்தடுத்த நொடிகளின் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்வதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மீதமுள்ள கோணல்களை மென்பொருள் மழுக்கிவிடுகிறது.

எஞ்சும் பிழை பொதுவாகத் தூரத்தைக் கூட்டவே செய்கிறது. நேர்க்கோட்டில் ஓடியவரின் தடம் வளைந்து வளைந்து பதிவானால் அதன் நீளம் நேர்க்கோட்டைவிட அதிகமாகத்தானே இருக்கும். ஜி.பி.எஸ். தூரத்தை ஏன் மிகைப்படுத்துகிறது என்பதைக் கணித முறையில் விளக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2016இல் வெளிவந்தது. வளைவுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். இரு புள்ளிகளைக் கருவி நேர்க்கோட்டால் இணைப்பதால் வளைவு வெட்டப்பட்டுத் தூரம் குறைகிறது. மின்கலத்தைச் சேமிக்கப் புள்ளிகளை அரிதாகப் பதியும் அமைப்பில் இக்குறை கூடும்.

உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே நிலைமை மோசமாகிறது. சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி நீண்ட வழியாக வருவதால், ஓடுபவர் தெருவின் மறுபக்கத்திலோ கட்டடத்துக்குள்ளோ இருப்பதாகக் கடிகாரம் எண்ணிக்கொள்கிறது. சிகாகோ மாரத்தானின் தொடக்கத்தில் வரும் சாலையடிப் பாதையும் வானளாவிகளும், லண்டன் மாரத்தானில் கேனரி வார்ஃப் பகுதியும் இதற்குப் பெயர்போனவை. எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) ஆகிய இரு அலைவரிசைகளையும் வாங்கும் கடிகாரங்கள் திரும்பிவரும் சமிக்ஞைகளை ஓரளவு நன்றாகப் பிரித்தறிகின்றன. சுரங்கப் பாதைக்குள் அவையும் பயன்படா.

மாரத்தானும் மிகைத் தூரமும்

"பாதை நீளமாக இருந்தது" என்பது மாரத்தான் முடித்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. சான்றளிக்கப்பட்ட பந்தயங்களில் இக்குறை பெரும்பாலும் தவறு. அப்பாதைகள் ஜி.பி.எஸ். கொண்டு அளக்கப்படுவதில்லை. அளவு சரிபார்க்கப்பட்ட மிதிவண்டியின் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்னும் எண்ணியைப் பொருத்தி, சாலை ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்கி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கின்றனர். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 0.1 விழுக்காடு சேர்ப்பதும் உண்டு. எனவே 42.195 கி.மீ. என்பது சுமார் 42.237 கி.மீ. ஆகிறது.

அந்தக் குறுகிய வழியில் அப்படியே ஓடுவோர் மிகச் சிலரே. கூட்டத்தை முந்த விலகுவதும், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவதும், வளைவின் வெளிப்பக்கம் ஓடுவதும் தூரத்தைக் கூட்டும். ஆகவே கடிகாரம் காட்டும் மிகையில் ஒரு பகுதி ஓடுபவர் உண்மையிலேயே ஓடியது.

இதன் விளைவு சிறிதல்ல. 4 மணி நேரத்தில் முடிக்க விரும்புபவருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி தேவை. கடிகாரம் முடிவில் 42.8 கி.மீ. காட்டுமானால், அதன் கணக்கில் 5:41 பேஸை இம்மி பிசகாமல் காத்தவரும் 4 மணி 3 நிமிடத்தைக் கடந்த பின்னரே கோட்டைத் தொடுவார். அவர் உண்மையில் கடிகாரத்தில் காண வேண்டியிருந்தது 5:36. மாதக் கணக்கில் பயிற்சி செய்தவர் இலக்கைத் தவறவிடுவது கால் தளர்ந்ததால் மட்டுமல்ல, இந்த ஐந்து நொடியாலும்தான்.

இதற்கு மிக எளிய தீர்வு, தானியங்கிச் சுற்றுப் பதிவை அணைத்துவிட்டு, வழியிலுள்ள கிலோமீட்டர் பலகைகளைக் கடக்கும்போது பொத்தானை அழுத்துவது. 5 கி.மீ.க்கு 28:26, 10 கி.மீ.க்கு 56:53, பாதி தூரத்துக்கு 2:00:00 என்று எழுதிய காகிதத்தைக் கையில் சுற்றிக்கொள்வோரும் உள்ளனர். பழைய முறைதான், ஆனால் செயற்கைக்கோளை நம்பாதது.

கணப்பொழுது பேஸ்

திரையில் நொடிக்கு நொடி மாறும் பேஸே இக்கருவியின் மிக நலிந்த அளவீடு. ஒரே சீராக ஓடுபவருக்கும் அது 5:20, 5:55 என்று தாவக்கூடும். தாவலைக் குறைக்கக் கருவி முந்தைய பல நொடிகளின் சராசரியைக் காட்டினால், வேகத்தைக் கூட்டியபின் திரை தாமதித்தே மாறும். ஒரு நிமிட விரைவோட்டப் பயிற்சிக்கு அது பயன்படாது. நடப்புச் சுற்றின் சராசரி பேஸைத் திரையில் வைத்துக்கொள்வது நம்பத்தக்கது. சுற்றின் முதல் நூறு மீட்டருக்கு மட்டும் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும்.

துல்லியத்தைக் கூட்டும் வழிகள்

செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்னும் மெதுவான வேகத்தில் அனுப்புவதால், அதைப் பெறவே அரை நிமிடம் ஆகலாம். கைபேசியுடன் அண்மையில் இணைத்த கடிகாரத்தில் இவ்விவரம் முன்னரே இருக்கும். ஆயினும் இருப்பிடம் கிடைத்ததாகக் காட்டிய பிறகும் ஓரிரு நிமிடம் திறந்த வெளியில் நின்றுவிட்டுத் தொடங்குவது நல்லது.

காலணியில் பொருத்தும் உணரி, முடுக்கமானியின் உதவியால் காலசைவிலிருந்து தூரத்தைக் கணிக்கிறது. வேகம் மாறுவதை அது உடனே காட்டும். மரநிழலும் சுரங்கமும் அதற்குத் தடையல்ல. ஆனால் ஒவ்வொருவரின் ஓட்டத்துக்கும் ஏற்ப அளவு திருத்தப்பட வேண்டும். பழைய காரணியை உண்மைத் தூரத்தால் பெருக்கி, கருவி காட்டிய தூரத்தால் வகுத்தால் புதிய காரணி கிடைக்கும். இதற்கு ஏற்ற இடம் 400 மீட்டர் ஓடுதளம். ஓடும் தடத்தைக் கவனிக்க வேண்டும்: முதல் தடத்தில் மட்டுமே ஒரு சுற்று 400 மீட்டர். இரண்டாம் தடத்தில் அது சுமார் 407, எட்டாம் தடத்தில் சுமார் 453 மீட்டர். நான்காம் தடத்தில் ஓடிவிட்டு 400 என்று கணக்கிட்டால் ஐந்து விழுக்காட்டுக்கும் மேலான பிழையை அவரே கருவிக்குள் புகுத்தியவராவார்.

டிரெட்மில்லில் ஜி.பி.எஸ். பயன்படாததால் கடிகாரம் கைவீச்சை நம்புகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓடினால் தூரம் குறைத்துக் காட்டப்படும். கடிகாரத்தின் எண்ணை டிரெட்மில் திரையின் எண்ணுக்கு ஏற்பத் திருத்தும் வசதி பல கருவிகளில் உண்டு. டிரெட்மில்லின் திரையே சரிதானா என்பது வேறு கேள்வி. பட்டையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, ஒருவர் ஓடும்போது மற்றொருவர் ஒரு நிமிடத்தில் அக்கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, பட்டையின் முழு நீளத்தால் பெருக்கினால் அந்த நிமிடத்தில் ஓடிய உண்மைத் தூரம் கிடைக்கும்.