கிடங்கில் சரக்கு இருக்கும் இடம்
இருப்பிடம் காட்டும் புதுக் கருவிகளும் நமது சங்கங்களும்

கணியூர்ச் சுங்கச்சாவடி வழியே பஞ்சுப் பொதிகளையும் நூல் மூட்டைகளையும் காடாத் துணியையும் ஏற்றிய லாரிகள் நாள்தோறும் செல்லுகின்றன. முன் கண்ணாடியில் ஒட்டியுள்ள சிறு சீட்டை மேலே பொருத்திய கருவி படித்ததும் தடுப்புக் கட்டை உயர்கிறது. அச்சீட்டினுள் மின்கலம் எதுவும் இல்லை. கருவி வீசும் வானொலி அலையிலிருந்தே சிறிதளவு சக்தியைப் பெற்றுக்கொண்டு, தன் எண்ணை அவ்வலையின் மீதே ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. ‘பாஸ்டேக்’ எனப்படும் இம்முறை 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டாயமாக்கப்பட்டது. கருமத்தம்பட்டி வட்டாரத்தில் சிறுவரும் அறிந்த இச்சீட்டின் இனத்தைச் சேர்ந்த கருவிகள், இன்று உலகின் பெரிய கிடங்குகளில் சரக்கின் இருப்பிடத்தை அவ்வப்போது அறிவிக்கும் பணியில் ஈடுபட்டிருக்கின்றன. அவை நமது சங்கங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அங்கத்தினர்கள் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

கணக்கும் கண்கூடும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. நமது கிடங்குகளில் அளப்பதில் பெரும்பாலும் குறைவில்லை. அளந்ததை வைத்த இடத்தைக் குறிப்பதிலேதான் குறை நேருகிறது. காலையில் வடபுறம் அடுக்கிய மூட்டைகளை, நண்பகலில் வேறு சரக்கு வந்ததும் தென்புறம் மாற்றுகிறார்கள். பேரேட்டில் பதிவு மாலையில் நடைபெறுகிறது. இடையில் நிகழ்ந்த மாற்றம் சுமை தூக்கியவரின் நினைவில் மட்டும் நிற்கிறது. அவர் மறுநாள் வராவிட்டால் அந்த நினைவும் வருவதில்லை.

இதனால் விளையும் நஷ்டம் தேடும் நேரத்தோடு முடிந்துவிடுவதன்று. ஒரே நம்பர் நூலாயினும், ஒரு லாட்டுக்கும் மற்றொரு லாட்டுக்கும் பஞ்சின் குணத்தில் சிறு வேற்றுமை உண்டு. இரண்டு லாட்டுகள் கலந்து ஒரே துணியில் ஏறிவிட்டால், காடாவில் தெரியாத வேற்றுமை சாயத் தொட்டியில் வெளிப்பட்டுவிடும். துணியில் பட்டை பட்டையாக நிறம் மாறி நிற்கும். வாங்கியவர் திருப்பி அனுப்பும் துணிக்குப் பொறுப்பாளி யார் என்ற வழக்கு எழும்.

சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் பெரும்பாலான விசைத்தறிகள் கூலிக்கு நெய்பவை. பாவும் ஊடை நூலும் கொடுத்தவரிடமிருந்து தறிக்காரரிடம் செல்லுகின்றன. துணி திரும்பி வருகிறது. கொடுத்த நூலின் எடைக்கும் வந்த துணியின் எடைக்கும் கணக்கு ஒவ்வாவிட்டால், அது கூலியிலே பிடித்தமாக முடியலாம். கிடங்கின் தவறான பதிவு ஒரு நெசவாளியின் வீட்டு உலையைத் தொடும் விஷயமாகிவிடுகிறது. ஆகவே ‘சரக்கு எங்கே’ என்ற கேள்வி ‘யாருக்கு என்ன பாக்கி’ என்ற கேள்வியின் மறுபாதியாகும்.

மூன்று வகைக் கருவிகள்

முதல் வகை, அச்சிட்ட அடையாளச் சீட்டு. கட்டம் கட்டமாக அமைந்த கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்தால் அப்பொதியின் விவரம் தெரியும். இந்தியப் பருத்திக் கழகம் தனது பஞ்சுப் பொதிகளில் இத்தகைய குறிகளை இட்டு, பருத்தி எங்கே கொள்முதலானது, எந்த ஆலையில் அரைக்கப்பட்டது என்பதை வாங்குவோர் அறியச் செய்துள்ளது. செலவு மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு சீட்டையும் ஒருவர் நேரில் சென்று படிக்க வேண்டும்.

இரண்டாவது, சுங்கச்சாவடியிற் கண்ட வானொலிச் சீட்டு. கிடங்கு வாயிலில் படிக்கும் கருவியைப் பொருத்தினால், வண்டியிற் செல்லும் பல மூட்டைகளையும் ஒருசேரப் பதிவு செய்யும். ஸ்பெயின் நாட்டு ஜாரா உடை நிறுவனம் 2014 முதல் தன் கடைகளில் ஒவ்வோர் உடைக்கும் இம்முறையை விரிவாக்கியது. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் கப்பற் சரக்குப் பெட்டிகளில் இச்சீட்டைக் கட்டி, அவை செல்லும் வழியைக் கண்டறியும் ஏற்பாடு தொடங்கிற்று. பின்னர் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது.

மூன்றாவது வகையே சரக்கின் இடத்தை நொடிதோறும் காட்டவல்லது. இதில் சீட்டுக்கு மின்கலம் உண்டு. அது விடும் சிறு அலைத் துடிப்புகளைக் கூரையின் பல மூலைகளில் உள்ள கருவிகள் வாங்குகின்றன. வானொலி அலை ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். எந்தக் கருவிக்கு எவ்வளவு முன்பின்னாகத் துடிப்பு எட்டியது என்பதைக் கணக்கிட்டு, ஒரு முழத்துக்குள் அடங்கும் நுட்பத்தில் இடத்தைச் சொல்லிவிடலாம். லாரிகளுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். கிடங்கினுள் பயன்படாதோ எனச் சிலர் கேட்கலாம். அதன் கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுழல்வன. அங்கிருந்து வரும் மெலிந்த அலை தகரக் கூரையைத் துளைத்து உள்ளே வருவது அரிது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உலர்ந்த பஞ்சும் நூலும் வானொலி அலைக்குத் தடையாக நிற்பதில்லை. இரும்பும் ஈரமும் தடுக்கும். இரும்புத் தட்டுடைய பாவு பீம்களில் சாதாரணச் சீட்டை ஒட்டினால் கருவி படிக்காமற் போகலாம். உலோகத்துக்கென்றே செய்த சீட்டு வேண்டும். வாங்குமுன் நமது கிடங்கிலேயே, நமது சரக்கை வைத்தே சோதித்துப் பார்த்தல் அவசியம்.

நமக்கு ஏற்றது எது?

ஒரு கணக்கை உதாரணமாகக் கொள்வோம். ஒரு கிடங்கில் நாளொன்றுக்கு 12 தடவை சரக்கைத் தேட நேர்ந்து, ஒவ்வொரு தடவையும் 10 நிமிஷம் செலவானால், நாளுக்கு 2 மணி. மாதம் 25 வேலை நாட்களுக்கு 50 மணி. இந்த 50 மணியின் கூலியையும், காத்து நிற்கும் வண்டியின் வாடகையையும், லாட்டு கலந்து திரும்பிய துணியின் நஷ்டத்தையும் கூட்டி, கருவியின் விலையோடும் ஆண்டுப் பராமரிப்போடும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு சங்கமும் தன் எண்களை இட்டுப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

சிறு கிடங்குகளுக்கு நொடிதோறும் இடங்காட்டும் மூன்றாவது வகை மிகையே. முதலில் தரையில் கோடிட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் எண் எழுதுக. அடுத்து, லாட்டுக்கு ஒரு சீட்டு ஒட்டி, இடம் மாற்றும்போதே கைப்பேசியிற் பதிவு செய்யும் பழக்கத்தை உண்டாக்குக. இவ்விரண்டும் ஓராண்டு ஒழுங்காக நடந்தபின், வாயிலில் வானொலிக் கருவியை வைக்கலாம். பல சங்கங்கள் கூடி நடத்தும் பெருங்கிடங்காயின் மூன்றாவது வகையைப் பற்றிச் சிந்திக்கலாம். பழக்கம் இல்லாத இடத்தில் கருவியை வைத்தால், பழைய குழப்பமே வேகமாக நடைபெறும்.

விளைவிப்போருக்கும் இதில் பங்கு உண்டு. 2007 ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாட்டு ஒழுங்காற்றுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கிடங்குகள் தரும் ரசீதை ஈடாக வைத்துப் பாங்குகளிற் கடன் பெறலாம். 2017 முதல் அந்த ரசீது மின்னணு வடிவில் வழங்கப்படுகிறது. அறுவடைக் காலத்து மலிவு விலைக்கு விற்றுவிடாமல் காத்திருக்க இது உதவும். ஆனால் ரசீதின் மதிப்பு, அதிற் கண்ட மூட்டை அதே இடத்தில், அதே தரத்தில் இருப்பதைப் பொறுத்தது.

மனிதருக்கு வரம்பு

மூட்டையைத் தொடரும் கருவி அதைச் சுமப்பவரையும் தொடரக்கூடும். எவர் எங்கே எத்தனை நிமிஷம் நின்றார் என்று எண்ணத் தொடங்கினால், உதவிக்கு வந்த கருவி கங்காணியாகிவிடும். சீட்டு சரக்கோடு நிற்கட்டும், ஆள்மீது ஏறவேண்டாம். தனிநபர் விவரப் பாதுகாப்புக்கென 2023 இல் பாராளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. கூட்டுறவில் அந்தச் சட்டத்திற்கு முன்பே நமது மனச்சாட்சி நிற்க வேண்டும்.

ஆகவே, இத்தகைய கருவி வாங்கும் தீர்மானம் மகாசபைக்கு வரும்போது அங்கத்தினர்கள் மூன்று நிபந்தனைகளைக் கோருவது முறை. பதிவேடு விற்பனையாளருக்கு உரியதாகாமல் சங்கத்துக்கே உரியதாக இருத்தல் வேண்டும். நூல் பெறும்போதும் துணி கொடுக்கும்போதும், எடையும் நேரமும் குறித்த பிரதி ஒன்று நெசவாளியின் கையில் சேர வேண்டும். கருவி என்ன சொன்னாலும், மாதம் ஒருமுறை அங்கத்தினர் இருவர் முன்னிலையில் சரக்கை நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். கூலிப் பிடித்தத்தைப் பற்றித் தகராறு எழும் நாளில், தன் கையிலுள்ள பிரதியைக் காட்டிப் பேசும் நெசவாளிக்கு அந்தக் கருவி துணைநிற்கும். அதற்கு ஆகும் செலவு சங்கத்துக்கு வீண்செலவாகாது.