இடபக் கொடியும் கோப்பாய் ஊரும்

கொடியும் இலச்சினையும் அரசர்க்கே உரியன என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சோழர்க்குப் புலி, பாண்டியர்க்கு மீன், சேரர்க்கு வில் எனப் பாடநூல்களிற் பயின்றதன் விளைவு இது. சின்னம் ஆள்வோருக்கு உரியதா, ஊருக்கு உரியதா என்னும் வினாவைக் கோப்பாயை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கம்.

யாழ்ப்பாண அரசர் நல்லூரிலிருந்து ஆண்ட காலத்திற் கோப்பாயில் அவர்தம் கோட்டையொன்று இருந்தது. 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சாவின் படை நல்லூரைத் தாக்கியபோது, சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்றது கோப்பாய்க் கோட்டைக்கே என்பது போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தரும் செய்தியாகும். அவ்வரசின் சின்னம் இடபம்.

இச்சின்னம் பற்றிய சான்றுகள் இரு வகைப்படும். முதல் வகை அவ்வரசு நிலவிய காலத்திலேயே தோன்றியது. சேது நாணயங்களிற் படுத்திருக்கும் இடபமும், மேலே பிறையும், கீழே ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் காணப்படுகின்றன. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமக் கல்வெட்டிலும் இச்சொல் மங்கல மொழியாக இடம்பெறுகின்றது. இராமேசுவரத்துச் சேதுவின் காவலர் தாமே என்னும் உரிமைக் கோரிக்கை இது. பாண்டியரின் படைத்தலைவராக 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈழம் வந்த ஆரியச்சக்கரவர்த்திகள், இடபத்தையும் சேதுவையும் தமக்குரியனவாக்கியதைத் தனியரசின் பிரகடனம் எனலாம்.

மற்றைய வகை பிற்கால நூல்கள். அவற்றுட் பெரிதும் எடுத்தாளப்படும் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதாவது, 1619இல் அரசு வீழ்ந்து நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர். நாணயம் வடிவத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. ஆகவே, இன்று வரையப்படும் இடபக் கொடிகளின் நிறங்களுக்கு நாணயத்தைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஜேர்மனியின் சிற்றூர்களை இங்கு ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கு ஊராட்சி மன்றமே தன் இலச்சினைக்கும் கொடிக்கும் சட்டபூர்வமான உரிமையாளர். இலச்சினையின் உருவும் நிறமும் சொற்களில் வரையறுக்கப்படுகின்றன; ஓவியர் மாறலாம், அவ்வாசகம் மாறாது. புதிய சின்னத்துக்கு அரச ஆவணக் காப்பகத்தின் கருத்தைப் பெறுதல் பல மாநிலங்களில் வழக்கம். பழைய பிரபுக்களின் சிங்கங்களோடு ஆலைச் சில்லும் திராட்சைக் குலையும் அவ்விலச்சினைகளில் இடம்பெறுகின்றன. 1960களிலும் 1970களிலும் நிகழ்ந்த சீர்திருத்தத்தால் மேற்கு ஜேர்மனியின் ஊராட்சிகள் ஏறத்தாழ 24,000இலிருந்து 8,500 ஆகக் குறைந்தன. அப்போது இணைந்த ஊர்கள் பல, தத்தம் பழைய சின்னங்களின் கூறுகளைச் சேர்த்துப் பொதுச் சின்னம் அமைத்தன. உழைப்பும் இணைவும் இவ்வாறு சின்னமாயின.

எம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. சிவாலயக் கொடியில் இடபம் முன்னரே இருந்தது; அரசு அழிந்தபின் அதுவே எஞ்சியது. அரண்மனைச் சின்னம் மறைய, ஆலயச் சின்னம் நிலைத்தது. ஆனால், ஆலய வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் உணர்த்திற்று. கோப்பாயிலோ 19ஆம் நூற்றாண்டு முதல் கிறித்தவரும் வாழ்ந்து வருகின்றனர். எனவே, அரசுச் சின்னத்தையோ ஆலயச் சின்னத்தையோ ஊர் முழுமைக்கும் உரியதாக அப்படியே கொள்ளுதல் எளிதன்று.

கோப்பாய் இன்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் எல்லைக்குட் பட்டது. இத்தகைய சபைகள் தம் சின்னத்தை எண்ணும்போது, இடபத்தின் வரலாற்றுச் சிறப்பை மறுக்கவேண்டியதில்லை. அதனோடு, செம்மண் தோட்டத்துக்கு நீரிறைத்த துலாவையும் பனையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துலாவில் ஏறி மிதித்தவனும், கீழே நின்று பட்டையைக் கவிழ்த்தவனும், வாய்க்காலில் நீரைத் திருப்பியவனும் எந்நாணயத்திலும் பொறிக்கப்பட்டிலர். ஊரின் சின்னம் என்பது அவர்களையும் உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.