உப்புக் காற்றில் ஒரு தண்டவாளம்

உப்பூரில் ரயில் நிலையம் கிடையாது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் இந்த ஊர்க்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் பஸ் பிடித்து இராமநாதபுரம் போக வேண்டும். ஆனால் ரயில் வருவதற்கு முன்பு சேது யாத்திரை போனவர்களில் பலர் இந்த ஊரில் நிற்காமல் போனதில்லை. இங்கே வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றிவிட்டுத்தான் இராமேஸ்வரத்தை நோக்கி நடப்பார்கள். 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது. பல நாள் நடை ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கிப்போனது.

இந்தக் கரையில் இரும்பைச் சும்மா விட்டுவைக்க முடியாது. சைக்கிள் ரிம்மோ, ஜன்னல் கம்பியோ, வள்ளத்து எஞ்சினோ, ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் செதில் செதிலாக உதிரும். காற்றில் உப்பு, தண்ணீரில் உப்பு, ஊரின் பெயரிலும் உப்பு. அப்படிப்பட்ட கடலின் மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், 145 கண்கள் கொண்ட ஓர் இரும்புப் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் ரயிலைச் சுமந்தது என்றால், அத்தனை வருஷமும் யாரோ சுரண்டி, பெயின்ட் அடித்து, போல்ட்டை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. ரயில் ஓடுகிற பாலத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் உண்டு, சம்பளம் உண்டு. ஓடாத பாலத்துக்கு யார் அடிப்பார்கள்?

இதே கேள்வி எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்பு வேல்ஸ் நாட்டின் கடலோர ஊர் ஒன்றில் எழுந்தது. டவின் என்ற அந்த ஊரிலிருந்து மலைக்குள் இருந்த ஸ்லேட் கல் குவாரிக்கு 1860களில் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். டாலிலின் ரயில்வே என்று பெயர். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி 2 அடி 3 அங்குலம். நம் மீட்டர் கேஜைவிட ஓரடி குறைவு. 1911இல் குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கிய சர் ஹேடன் ஜோன்ஸ், உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர். 1946இல் குவாரி மூடிய பிறகும், தான் இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, கைக்காசு போட்டு ஓட்டினார். 1950 ஜூலையில் அவர் இறந்தார். அந்தக் கோடைக்காலத்தோடு ரயிலும் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் அப்படி நினைக்கவில்லை. அடிப்படையில் அவர் ஒரு பொறியாளர். 1950 அக்டோபரில் பர்மிங்காமில் ரயில் மேல் ஆசை கொண்டவர்களைக் கூட்டினார். ரயில்வேயைத் தங்கள் கையில் கொடுங்கள் என்று அந்தக் கூட்டத்தார் சர் ஹேடனின் மனைவியிடம் கேட்டார்கள், அவரும் கொடுத்தார். 1951 மே 14 அன்று தன்னார்வலர்கள் முதல் ரயிலை ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில்வே உலகத்திலேயே இதுதான்.

அவர்கள் கைக்கு வந்த ரயில்வேயின் நிலையைக் கேட்டால் யாரும் பின்வாங்கியிருப்பார்கள். சிலீப்பர் கட்டைகள் மக்கிப் போயிருந்தன. பாதையில் புல் மண்டி, அந்தப் புல்லின் வேர்தான் பல இடங்களில் தண்டவாளத்தை விலகாமல் பிடித்து வைத்திருந்தது. ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரே ஓர் எஞ்சின். 1866இல் செய்த டோல்கோக். பக்கத்தில் மூடப்பட்ட இன்னொரு குறுகிய பாதையிலிருந்து இரண்டு பழைய எஞ்சின்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் புல் வெட்டினார்கள், கட்டை மாற்றினார்கள், டிக்கெட் கொடுத்தார்கள். வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார் அங்கே கார்டாக வேலை பார்த்தார். நம் வீட்டுக் குழந்தைகள் டிவியில் பார்க்கும் தாமஸ் எஞ்சின் அவர் உருவாக்கியதுதான். அந்தக் கதைகளில் வரும் சில சின்ன எஞ்சின்களுக்கு அசல் இந்தப் பாதையில் ஓடியவை. 2021இல் வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் நிலப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த ரயில்வேயும் அதற்குள் வந்தது.

தன்னார்வலர் என்றதும் விழா நாளில் கொடி பிடித்து நிற்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. பயணி பார்க்கும் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பின்னால் பார்க்காத வேலைதான் மலையளவு. பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலீப்பருக்கு அடியில் ஜல்லி இறுகி இருக்க வேண்டும். ரயில் போகப் போக அது இளகும். அழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் தண்டவாளம் தாழும். நம்மூர் கேங்மேன்கள் பீட்டரால் குத்தி ஜல்லியை இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் இருக்கும் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். ஓரத்துக் கால்வாயில் மண் சேராமல் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் பாதை கெட்டது.

நீராவி எஞ்சின் இதைவிட அதிகமாக ஆளைப் பிடித்து இழுக்கும். அதன் உயிர் பாய்லரில் இருக்கிறது. இராமநாதபுரத்து உவர்த் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து பொருக்குக் கட்டுமே, அதேதான் பாய்லருக்குள்ளும் நடக்கும். அந்தப் பொருக்கு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, தகடு பழுக்கும். அதனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவிட்டு, அடைப்புகளைத் திறந்து, தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய ஓர் அடைப்பான் இருக்கும். தண்ணீர் மட்டம் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் உருகி, நீராவி நெருப்புக்குள் பீறிட்டு அபாயத்தை அறிவிக்கும். ஃபயர்மேனின் கண் கரியைவிடத் தண்ணீர்க் கண்ணாடியில்தான் அதிகம் இருக்கும் என்பார்கள். பிரிட்டனில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரைச் சட்டத்திலிருந்து தூக்கி, உள்ளே இருக்கும் டியூப்களை உருவி எடுத்து, தகடு தகடாகச் சோதிக்கிறார்கள். ஓர் எஞ்சினுக்கு இந்த வேலை முடிய வருஷக்கணக்கில் ஆவது சகஜம்.

குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் நீராவி ஏற மணிக்கணக்கில் ஆகும். காலை ரயிலுக்கு விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். அந்த வேலைக்குச் சேரும் புதியவர் முதல் நாளே ரெகுலேட்டரைத் தொட முடியாது. கிளீனராகத் துணி பிடித்துத் துடைத்து, பிறகு ஃபயர்மேனாகி, தேர்வுகள் எழுதி, பல வருஷம் கழித்துத்தான் டிரைவர். நம் நாட்டு லோகோ ஷெட்களிலும் இதே ஏணிதான் இருந்தது.

அப்படியானால் இங்கே ஏன் ஒரு டாலிலின் உருவாகவில்லை? நம் ரயில்வே அரசாங்கத்தினுடையது. ஒரு பாதையைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி ஓட்டிப் பார்க்கும் வழி கிடையாது. அதனால் ஆர்வலர்களின் உழைப்பு வேறு வழிகளில் பாய்ந்தது. இந்தியாவில் ஒரு தொழில் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்த மைக்கேல் சேட்டோ என்ற ஆங்கிலேயரை இங்கே நினைக்க வேண்டும். பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் ஓடியது. அதன் மறுபக்கத்துப் பெரிய சக்கரம் சாலையில் உருளும். யாரும் சீண்டாமல் கிடந்த அதன் எஞ்சின்களை 1962இல் தேடிக் கண்டுபிடித்தவர் சேட்டோ. அதில் ஒன்று அமிர்தசரஸ் ஒர்க்ஷாப்பில் திரும்ப உயிர்பெற்று, டில்லியில் 1977இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்த அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

தமிழ்நாட்டில் பழைய எஞ்சினை எழுப்பும் கை பெரும்பாலும் சம்பளக்காரக் கைதான். அதில் குறைவொன்றும் இல்லை. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப்பொருளாக நின்ற இ.ஐ.ஆர்.-21 எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் பழுது பார்த்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டினார்கள். அதேபோல் 1855இல் பிறந்த ஃபேரி குவீன் எஞ்சினும், பாகங்கள் திருடுபோன பிறகு, பெரம்பூருக்கு வந்துதான் எழுந்தது. திருச்சி பொன்மலையில் நடந்தது இன்னும் பெரிய காரியம். நீலகிரி மலை ரயிலுக்கான எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த பட்டையைக் கவ்வி, பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் ஏறுபவை. அவற்றுக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்காத காலத்தில், பொன்மலைக்காரர்கள் 2011 முதல் முழு எஞ்சினையே புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள். முதலில் எண்ணெயில் ஓடுபவை. பத்து வருஷம் கழித்து நிலக்கரியில் ஓடுபவையும் வந்தன. இருபத்தோராம் நூற்றாண்டில், நம் மண்ணில், புது நீராவி எஞ்சின்!

அந்த மலைப்பாதைக்குத் தன்னார்வலர்களும் உண்டு. ஊட்டியில் ஹெரிடேஜ் ஸ்டீம் சேரியட் டிரஸ்ட் என்ற அமைப்பு மலை ரயிலுக்காகப் பல வருஷமாகக் குரல் கொடுத்து வருகிறது. நீராவியை எடுத்துவிடக் கூடாது, பழைய நிலையங்களின் முகம் மாறக் கூடாது என்பது அவர்கள் பேச்சு. 2005இல் நீலகிரி ரயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இப்படி விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

திரும்பப் பாம்பனுக்கு வருவோம். பழைய பாலத்தின் நடுவே கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதிக்கு ஷெர்சர் தூக்கு என்று பெயர். சிகாகோவைச் சேர்ந்த கம்பெனியின் வடிவம். இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல். வளைந்த அடிப்பாகத்தின் மேல் நாற்காலி சாய்வது போல உருண்டு சாய்ந்தபடி வானத்தைப் பார்க்கும். மறுபுறம் சம எடை தொங்குவதால், அத்தனை பெரிய இரும்பை மனிதர்கள் நெம்புகோல் பிடித்துக் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்ட் போல நேராக மேலே போகிறது, மோட்டார் தூக்குகிறது. ரயிலுக்கும் கப்பலுக்கும் அது நல்லது. ஆனால் நெம்புகோல் சுற்றிய கைகளுக்கு இருந்த வித்தை பழைய பாலத்தோடு போகிறது. கடற்காற்றின் வேகம் பார்த்து எப்போது தொடங்குவது, எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் வேலை செய்தவர் சொல்லித்தான் தெரியும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் கடலோடு போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் பெயர்ந்தன. ஷெர்சர் தூக்கு நின்றது. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில், கடலுக்குள் விழுந்த கர்டர்களையே மீட்டெடுத்துப் பொருத்தி, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பவில்லை. அங்கே இப்போது நிலையத்தின் உடைந்த சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும் மணலில் நிற்கின்றன. 2019இல் அந்தப் பதினேழு கிலோமீட்டரைத் திரும்பப் போட அடிக்கல் நாட்டினார்கள், நடக்கவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையின் தலைமன்னார்ப் பாதையோ போரில் அழிந்து, 2015இல் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து இராமேஸ்வரம் வரும் ரயிலை மக்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். நடுவே கப்பல் மட்டும் இல்லை.

145 கண்ணையும் கடலில் வைத்துத் தன்னார்வலர்கள் காப்பாற்றுவது ஆகாத காரியம். அப்படிக் கேட்பதும் நியாயமில்லை. அந்தப் பாலத்தின் கதி ரயில்வேயின் கையில். ஆனால் ஷெர்சர் தூக்கின் ஒரு பகுதியை, பல்சக்கரமும் நெம்புகோலும் சேர்த்து, மண்டபம் கரையில் நிறுத்தி வைக்க முடியும். அதற்கு வருஷா வருஷம் துருச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்: வள்ளத்து எஞ்சின் மெக்கானிக்குகள், வெல்டர்கள், ஓய்வுபெற்ற கேங்மேன்கள்.

அகலப் பாதையில் நீராவி எஞ்சின் ஓட்டம் 1995இல் நின்றது. அன்று இருபத்தைந்து வயதில் ஃபயர்மேனாக இருந்தவர் 2030இல் ஓய்வு பெறுவார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய், பாய்லர் கழுவிய முறையையும் பீட்டர் குத்திய கணக்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ள டிக்கெட் காசும் ஒரு நோட்டும் போதும். மண்டபத்திலோ பாம்பனிலோ, தூக்குப் பாலத்தின் நெம்புகோல் சுற்றிய தொழிலாளி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதல் சுற்றுக்கு எந்தக் கால் முன்னால் வைக்க வேண்டும் என்று கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.