தாங்கித் தாங்கி நடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்னாதீர்கள்

வளரும் வயதுப் பிள்ளை ‘இடுப்பு வலிக்குது’ என்றால் நம் காலனிகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஆண் பிள்ளைக்கு ‘வேலைக்குக் கள்ளம்’, பெண் பிள்ளைக்கு ‘மாசாமாசம் வர்ற வலிதானே’. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் வீட்டில் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால், அந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பது பிள்ளையின் கால்.

சுமையும் ஆட்டமும்

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகள் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறார்கள், சுமை தூக்குகிறார்கள். எலும்பு முற்றாத வயதில் இது தசையையும் தசைநாரையும் வதைக்கிறது. கபடியிலும் ஓட்டத்திலும் வேகமாக எட்டி உதைக்கும்போது, தசை தான் ஒட்டியிருக்கும் எலும்பு முனையையே பிய்த்துக்கொண்டு வருவதும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஓய்வில் ஆறிவிடும். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காததும் அந்த ஓய்வுதான்.

முழங்காலில் தெரியும் இடுப்பு நோய்

தொடை எலும்பின் தலை பந்துபோல இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 10 முதல் 16 வயதுக்குள், மளமளவென உயரும் பருவத்தில், அந்தப் பந்து எலும்பின் கழுத்திலிருந்து நழுவக்கூடும். உடல் எடை கூடியவர்களுக்கு இது அதிகம். ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். ஒல்லியான பிள்ளைக்கும் வரலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் ஒரு காரணம்.

இந்த நோய் ஆளை ஏமாற்றும். சிலருக்கு இடுப்பில் வலி இல்லாமல் தொடையிலோ முழங்காலிலோ மட்டும் வலிக்கலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளை தாங்கித் தாங்கி நடக்கிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படியானால் நடக்க விடாமல் அழைத்துப்போய், இரண்டு பக்க இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். பந்து மேலும் நழுவி, ரத்த ஓட்டம் நின்றால் மூட்டே கெட்டுவிடும். முன்கூட்டியே கண்டால் ஸ்க்ரூ போட்டு மேலும் நழுவாமல் நிறுத்திவிடலாம்.

காய்ச்சலோடு வலி வந்து காலை ஊன்ற முடியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். வாரக்கணக்கில் வலி, இரவுக் காய்ச்சல், உடல் மெலிவு என்றால் எலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

கேட்டுப் பெறுவோம்

0 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க, ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம்’ திட்டத்தில் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வலியை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளர்கள், தாங்கி நடக்கும் மாணவரை விளையாட்டுக்கும் வேலைக்கும் விரட்டாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

14 வயதுக்குட்பட்டவரைக் கூலிக்கு வைப்பதும், 18 வயது வரை ஆபத்தான வேலையில் சேர்ப்பதும் சட்டப்படி குற்றம். புகார் சொல்ல 1098 எண் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்த முதுகுகள் நம்முடையவை. அந்தச் சுமை நம் பிள்ளைகளின் இடுப்பில் இறங்க விடக் கூடாது.