எண்ணிக்கைக்காகக் கடல் கடக்கும் மருத்துவச்சி மாணவிகள்

அமெரிக்காவில் செவிலியர் படிப்பு படிக்காமலேயே மருத்துவச்சி ஆக ஒரு வழி உண்டு. அப்படி வருபவர்களுக்கு 'சிபிஎம்' என்ற சான்றிதழை வட அமெரிக்க மருத்துவச்சிகள் பதிவகம் 1994 முதல் வழங்கி வருகிறது. வீட்டிலும், மருத்துவமனையைச் சாராத பிரசவ மையங்களிலும் பிரசவம் பார்ப்பது இவர்கள் வேலை. இதற்குப் படிக்கும் மாணவிகள் சிலர், பயிற்சியின் ஒரு பகுதிக்காகப் பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுக்குப் போகிறார்கள்.

காரணம், சான்றிதழ் கேட்கும் கணக்கு. செய்முறைப் பயிற்சி 2 ஆண்டுகளாவது நடக்க வேண்டும். மொத்தம் 55 பிரசவங்கள்: முதல் 10-ல் உடனிருந்து கவனிக்கலாம், அடுத்த 20-ல் உதவியாளர், மீதி 25-ல் மாணவியே முன்னின்று பார்க்க வேண்டும். அத்துடன் 75 கர்ப்பகாலப் பரிசோதனைகள், 20 பச்சிளம் குழந்தைப் பரிசோதனைகள், பிரசவத்துக்குப் பின் தாயைப் பார்க்கும் 40 பரிசோதனைகள். எழுத்துத் தேர்வு தனி.

ஆனால் அமெரிக்காவில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 98 மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு மாதத்துக்குச் சில தாய்மார்களே வருவார்கள். அவரிடம் இரண்டு மாணவிகள் இருந்தால் அதையும் பங்கிட வேண்டும். பிலிப்பைன்ஸிலோ மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ இல்லங்கள் ஏராளம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் அவர்கள். கூட்டமான இல்லத்தில் சில வாரம் இருந்தாலே பதிவேடு வேகமாக நிரம்பும்.

அதனால் மட்டும் சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. முன்னின்று பார்க்கும் ஒவ்வொரு பிரசவத்திலும் வழிகாட்டி மருத்துவச்சி அதே அறையில் இருக்க வேண்டும். அவரும் பதிவகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எல்லாப் பிரசவங்களையும் வெளிநாட்டிலேயே முடிக்கவும் முடியாது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது இன்னொரு விதி: குறைந்தது ஐந்து தாய்மார்களையாவது கர்ப்பகாலத்திலிருந்து பிரசவம் தாண்டியும் மாணவி தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் இரத்த அழுத்தம் மாதா மாதம் எப்படி ஏறியது, முந்தைய பிரசவத்தில் எதற்குப் பயந்தாள் என்பதெல்லாம் தெரிந்து அவள் பக்கத்தில் உட்காருவது வேறு. வலி முற்றி வந்தவளை முதன்முதலாகப் பார்ப்பது வேறு. சில வாரப் பயணத்தில் முதலாவது கிடைக்காது.

எண்ணிக்கைப் பஞ்சம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் மாணவி ஒருவர் 40 பிரசவங்கள் பார்க்க வேண்டும் என்கிறது. போதிய தாய்மார்கள் கிடைக்காவிட்டால் 30 பார்த்தால் போதும், ஆனால் இன்னும் 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும். விதியே இப்படிக் கொஞ்சம் வளைந்து கொடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும்; வெளிநாட்டுப் பிரசவ இல்லத்தில் வலியில் துடிக்கும் ஏழைத் தாய்க்குத் தன் கால்மாட்டில் நிற்பவள் வெளிநாட்டு மாணவி என்பது தெரியுமா? அவளுடைய மொழியில் யாராவது கேட்டார்களா? வேண்டாம் என்று சொன்னாலும் அதே கவனிப்பு கிடைக்குமா? அந்த ஊர் மாணவிகளுக்கும் பயிற்சிக்குப் பிரசவங்கள் வேண்டும். கட்டணம் கட்டி வந்தவளுக்காக அவர்களில் ஒருத்தி ஒதுங்க நேர்ந்தால் அது அநியாயம். சொந்த ஊரில் இன்னும் அனுமதிக்கப்படாத ஒரு வேலையை, தட்டிக்கேட்க வசதியில்லாத பெண்ணின் உடம்பில் செய்து பழகுவதை எந்தச் சான்றிதழாலும் நியாயப்படுத்த முடியாது.

நல்ல வழிகாட்டியும், மொழி தெரிந்த துணையும், சில மாதங்கள் தங்கும் பொறுமையும் இருந்தால் இந்தப் பயிற்சி பயனுள்ளதுதான். அதிக இரத்தப்போக்கையும் மூச்சுவிடத் திணறும் குழந்தையையும் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்பவள் பிறகு பதறமாட்டாள். கிளம்ப நினைக்கும் மாணவி, பணம் கட்டுமுன் இரண்டைக் கேட்டுக்கொள்ளட்டும்: அங்குள்ள வழிகாட்டியின் பதிவு செல்லுமா? தாயிடம் சம்மதம் கேட்பது யார், எப்போது? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள்.