கை கால் மரத்துப் போகிறதா? எங்கே, எப்போது என்று கவனியுங்கள்!

கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பீர்கள். கால் நம் கால் மாதிரியே இருக்காது. மதமதவென்று கனக்கும். பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி சுறுசுறுவென்று ஏறும். நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். இது நோய் இல்லை. காலுக்குப் போகும் நரம்பு சற்று நேரம் அழுந்திக் கிடந்தது, விடுபட்டதும் விழித்துக்கொண்டது. அவ்வளவுதான்!

காரணமே இல்லாமல் மரத்தால்? அடிக்கடி மரத்தால்? அப்போதுதான் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்கு இரண்டு பதில்கள் கைவசம் உண்டு. ஒன்று, "வாயு". இன்னொன்று, "ரத்த ஓட்டம் இல்லை". உடனே ஒரு தைலம், அல்லது மருந்துக் கடையில் ஒரு சத்து மாத்திரை. சித்த மருத்துவத்திலும் இதை வாதத்தின் கணக்கில்தான் சேர்க்கிறோம். ஆனால் அந்த வாத நோயையே எண்பது வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தைலம் போதுமென்றால் எதற்காக அத்தனை வகை?

பெரும்பாலும் கோளாறு நரம்பில்தான் இருக்கும். எந்த நரம்பு என்பதை மரத்துப் போகும் இடமே காட்டிக் கொடுத்துவிடும்.

ராத்திரியில் கை மரத்தால்...

"நடு ராத்திரியில கை மரத்து முழிப்பு வந்துடுது டாக்டர். உதறினாத்தான் சரியாகுது" என்று பல பெண்கள் சொல்வார்கள். எந்தெந்த விரல் என்று கேட்பேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால், மணிக்கட்டில் உள்ள குறுகலான பாதையில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். மாவு பிசைவது, துணி பிழிவது, தையல் வேலை என்று மணிக்கட்டுக்கு ஓயாத வேலை கொடுப்பவர்களுக்கு வரும். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் வரும். மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டிக்கொண்டு படுத்தாலே பலருக்குக் குறைந்துவிடும். கட்டை விரலின் அடிச்சதை வற்றினாலோ, பிடித்த பாத்திரம் கை நழுவினாலோ தாமதிக்க வேண்டாம்.

சுண்டு விரல் பக்கம் மரத்தால் முழங்கையைச் சந்தேகப்படுங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி உட்காருவதும், கையை மடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் போன் பேசுவதும் காரணமாகலாம். கழுத்து வலியோடு கை மரத்தால் கழுத்து எலும்பையும், இடுப்பிலிருந்து ஒரே காலில் இறங்கினால் முதுகெலும்பின் இடை ஜவ்வையும் பார்க்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து மரத்தால், பெல்ட்டையோ பாவாடை நாடாவையோ கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்!

இரண்டு பாதமும் மரத்தால்...

"செருப்பு கழண்டு போனதே தெரியலை" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவு. சர்க்கரை நோயில் மரப்பு இரண்டு கால் விரல் நுனிகளிலும் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமோ, சுட்ட செங்கல் ஒத்தடமோ வேண்டவே வேண்டாம்! சூடு உறைக்காத காலில் தோல் வெந்து கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

அடுத்த காரணம் பி-12 சத்துக் குறைவு. "தினமும் கீரை சாப்பிடறேனே!" என்பார்கள். கீரை நல்லதுதான். ஆனால் கீரையில் பி-12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. சைவம் சாப்பிடுபவர்களும், மெட்பார்மின் மாத்திரையையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ பல வருடம் சாப்பிடுபவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கும் நரம்பு கெடும். காசநோய் மாத்திரை சாப்பிடும்போது மரத்தால், மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் துணை மாத்திரை இருக்கிறது.

தேமல் என்று நினைத்துவிடாதீர்கள்

வெளுத்த அல்லது சிவந்த ஒரு படை, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை... இது தொழுநோயாக இருக்கலாம். 2005-ல் தேசிய அளவில் ஒழிப்பு இலக்கை எட்டினோம் என்றாலும் புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். பயப்படவோ மறைக்கவோ ஒன்றுமில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 6 முதல் 12 மாதத்தில் குணமாகும். தாமதித்தால்தான் விரல் மடங்கிப் போகும்.

ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாதவை

திடீரென்று ஒரு பக்கக் கை, கால், முகம் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். தைலம் தேய்க்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போய்க் காட்டுங்கள். அது முன்னறிவிப்பு!

இரண்டு காலும் மரத்து, பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினாலும், இடுப்பு வலியோடு தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் அடைத்தாலும் இதே அவசரம்தான்.

தைலம் வேண்டாமா?

வேண்டும். உளுந்துத் தைலம் போன்றவை இறுகிய தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்க உதவும். ஆனால் தைலம் சர்க்கரையைக் குறைக்காது, பி-12-ஐ ஏற்றாது. காரணத்துக்கு மருந்து, கூடவே தைலம் என்பதுதான் முறை.

பெயர்ச் சீட்டு இல்லாமல் பொட்டலத்தில் தரும் செந்தூரம், பற்பம் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். முறைப்படி சுத்தி செய்யாத மருந்தில் இருக்கும் ஈயமும் பாடாணமும் நரம்பையே கெடுக்கும். சத்து மாத்திரைதானே என்று பி-6-ஐ அளவில்லாமல் சாப்பிட்டாலும் மரப்பு வரும்.

எந்த விரல், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எந்த நேரம், எத்தனை நாளாக, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்... இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.